இஞ்சினியர் வைத்த சிப்

நான் எலக்ட்ரானிக்ஸ் இஞ்சினியர். இதை நானாக யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. வாடகைக்கு வீடு பார்க்க வந்த அன்று வீட்டுக்காரர் விமலநாதன் என்ன படித்தாய் என்று கேட்டார், சொன்னேன். அந்த ஒரு வார்த்தை இரண்டு வருடம் என் பின்னாலேயே வந்தது. அவர் வீட்டு அழைப்புமணி அடிக்காவிட்டால் என்னைக் கூப்பிட்டார். மைக்ரோவேவ் கடிகாரம் ஒரு மணி நேரம் பிந்தினால் என்னைக் கூப்பிட்டார். கோயில் மைக் கரகரத்த அன்று, பூசை நடுவில் என்னை மேடைக்கு ஏற்றி, "இஞ்சினியர் ரங்கநாதன், எங்கடை வீட்டிலைதான் இருக்கிறார்" என்று அதே கரகரக்கும் மைக்கில் அறிவித்தார்.

மாண்ட்ரியலில், லாசால் பகுதியில், நியூமன் சாலைக்குப் பின்னால், செங்கல் வீடு. மேலே யாழ்ப்பாணத்துக்காரர்களான விமலநாதனும் அவர் மனைவி ஞானாம்பிகையும். கீழே, பாதி மண்ணுக்குள், நான். என் சன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் கால்கள் தெரியும். ஜனவரியில் அதுவும் தெரியாது, பனி மூடிவிடும். காலையில் பஸ் பிடித்து அங்ரிஞோன் மெட்ரோவுக்குப் போய், அங்கிருந்து நகர மையத்திலுள்ள கம்பெனிக்குப் போவேன். வேறு யாரோ எழுதிய மென்பொருளில் பொத்தான்களை அழுத்துவதும், அழுத்தினால் என்ன ஆயிற்று என்று எக்செல்லில் எழுதுவதும் என் வேலை. ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை நான் கடைசியாகப் பார்த்தது திருச்சியில், கல்லூரி இரண்டாம் ஆண்டு லேபில். தொட்டது என்று சொல்லவில்லை, பார்த்தது. எங்கள் அணியில் ஷ்ருதி என்ற பெண்தான் பற்றவைப்பாள். என் கையெழுத்து நன்றாக இருந்ததால் நான் ரெக்கார்டு நோட்டு எழுதினேன்.

விமலநாதன் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கோயில் நிர்வாக சபையில் உபதலைவர், பழைய மாணவர் சங்கத்தில் செயலாளர். நன்றியுரை சொல்ல எழுந்தால் தலைமையுரையைவிட நீளமாகச் சொல்லக்கூடியவர். 2003 கிறிஸ்துமஸ் தள்ளுபடியில் டிவியோடு இணைத்து வீடியோ கேம் ஆடும் ப்ளேஸ்டேஷன் மெஷின் ஒன்று வாங்கினார். பிள்ளைகளுக்காக என்றார். பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து, ஒருவன் ஒட்டாவாவிலும் ஒருத்தி கால்கரியிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு வேண்டியது கிரிக்கெட். மாண்ட்ரியல் கடைகளில் ஹாக்கி விளையாட்டு ஒன்பது விதத்தில் கிடைத்தது. கிரிக்கெட் இருக்கிறதா என்று கேட்டபோது, அது பூச்சியைப் பற்றிய விளையாட்டா என்று கடைக்காரன் பிரெஞ்சில் கேட்டானாம். கடைசியில் லண்டனில் இருக்கும் மச்சான் ஒருவர் கிரிக்கெட் சீடித் தட்டு ஒன்றைத் தபாலில் அனுப்பிவைத்தார். விமலநாதன் தட்டைப் போட்டுவிட்டு சோபாவில் சாய்ந்தார். திரை சிவப்பாகி, இந்தத் தட்டு செல்லாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. லண்டனில் விற்ற தட்டு லண்டனில் விற்ற மெஷினில்தான் ஓடும். கனடா மெஷின் அதை ஏற்காது. கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் செய்து வைத்திருந்தார்கள்.

அவர் இதைச் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டார்.

"மனிசரையே நாடு விட்டு நாடு எடுக்கிறாங்கள், தம்பி. ஒரு சீடியை எடுக்கமாட்டாங்களோ?"

மருந்து சொன்னவர் நகரின் மறுகோடியில், ரொக்ஸ்பரோவில் இருக்கும் உருத்திரமூர்த்தி. பழைய மாணவர் சங்கத்தின் தலைவர். விமலநாதனின் நெருங்கிய நண்பர். அதாவது, விமலநாதன் எதை வாங்கினாலும் அதை அவர் ஆறு மாதம் முன்னதாக வாங்கியிருப்பார். மெஷினுக்குள் ஒரு சிப் வைத்து ஒட்டினால் எந்த நாட்டுத் தட்டும் ஓடும், தன்னுடையதில் டொராண்டோவில் செய்வித்தாயிற்று என்றார். பிறகு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார்.

"இஞ்சை மொன்றியலிலை உதைச் செய்ய ஆள் இல்லை, விமல். நீரும் ரொறன்ரோவுக்குத்தான் கொண்டு போகவேணும்."

அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். விமலநாதன் பத்து நிமிடத்தில் என் அறைக்கதவில் நின்றார்.

"தம்பி, நீர் எலக்ட்ரோனிக்ஸ்தானே படிச்சனீர்?"

"ஆமாண்ணா."

"ஒரு சிப் ஒட்டவேணும். உமக்கு இது ஒரு சின்ன வேலை."

"பாக்கலாம்ணா."

எங்கள் ஊரில் 'பார்க்கலாம்' என்பது 'மாட்டேன்' என்பதன் மரியாதையான வடிவம். யாழ்ப்பாணத்தில் அப்படியில்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவர் அன்றே ஹாங்காங்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். 'முடியாது' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. இரண்டு வருடமாக ஒருவர் நம்மை இஞ்சினியர் என்று கூப்பிட்டால், கொஞ்சம் கொஞ்சமாக நமக்கும் அந்த நம்பிக்கை வந்துவிடுகிறது.

மூன்று வாரம் கழித்து சிப் வந்தது. சுங்கக்காரர்கள் சந்தேகப்படாமலிருக்க உறைக்கு வெளியே 'சாவிக்கொத்து' என்று எழுதியிருந்தார்கள். விரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைத் துண்டு. அதிலிருந்து மெஷினின் சர்க்யூட் போர்டுக்குப் பத்தொன்பது ஒயர்கள் இழுத்து ஒட்டவேண்டும். ஒவ்வொரு ஒயரும் தலைமுடியைவிடச் சற்றுத் தடிமன். ஒட்டவேண்டிய புள்ளிகள் கடுகை நாலாக வெட்டிய அளவு. கூடவே எங்கே எதை ஒட்டுவது என்று ஒரு வரைபடமும், பொடி எழுத்தில் இரண்டு பக்கக் குறிப்பும்.

விமலநாதன் தன் பங்குக்கு ஹார்ட்வேர் கடையில் ஒரு சால்டரிங் அயர்ன் வாங்கி வந்தார். கூரை வேலைக்காரர்கள் தகரத்தைப் பற்றவைக்கப் பயன்படுத்துவது. நுனியே என் கட்டைவிரல் பருமன்.

"பெரிசாய்ப் பாத்து வாங்கினனான். வேலை கெதியிலை முடியும்" என்றார்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. விமலநாதன் கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மேசையில் பத்திரிகை விரித்து மெஷினைத் திறந்தேன். திறப்பது நன்றாகவே நடந்தது. என் படிப்பு வீணாகவில்லை என்றுகூட நினைத்தேன். முதல் ஐந்து ஒயர்களும் ஒட்டின. சில போர்டோடு ஒட்டின, சில ஒன்றோடொன்று ஒட்டின. ஆறாவது ஒயரை வைத்து, ஈயம் உருகவில்லையே என்று கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தேன். அயர்னை எடுத்தபோது ஒயர் கூடவே வந்தது. அதன் நுனியில் போர்டின் தாமிரப் புள்ளியும் பெயர்ந்து வந்திருந்தது.

அந்த இடத்தில் ஒரு அறிவாளி நிறுத்தியிருப்பான். நான் இஞ்சினியர். மின்சாரம் கொடுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று சோதித்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், மெல்லிய வாடை. அதன்பிறகு அந்த மெஷினில் எந்த விளக்கும் எரியவில்லை.

எல்லாவற்றையும் உள்ளே திணித்து மூடினேன். மூன்று திருகாணிகள் மிச்சம் வந்தன. கட்டிலில் உட்கார்ந்து பொய் யோசித்தேன். ஹாங்காங் சிப் தரமற்றது. எனவே அதை வைக்க நான் மறுத்துவிட்டேன். கேட்பதற்கு நன்றாக இருந்தது. அலுவலகத்தில் தினமும் இதைத்தான் எழுதுகிறேன் என்பதால் வாக்கியங்கள் தாமாக வந்தன. மெஷின் ஏன் செத்தது என்ற இடத்தில் மட்டும் பொய் நின்றுவிட்டது.

அப்போது கதவு தட்டப்பட்டது. துணி துவைக்கும் மெஷின் என் அறைக்கு அடுத்த அறையில் இருந்தது. சனிக்கிழமைகளில் ஞானாம்பிகை அக்கா துணி போட வருவார். அழுக்குக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. மூக்கை லேசாக உயர்த்திக் காற்றை மோந்தார்.

"தம்பி, பிளக்ஸ் போடாமலோ சுட்டனீர்?"

பிளக்ஸ் என்பது ஈயம் சீராக ஓடுவதற்காக முதலில் தடவும் பசை. அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு ஏழு வருடம் ஆகியிருந்தது. அதை அக்கா வாயிலிருந்து கேட்பேன் என்று நினைக்கவேயில்லை.

"இல்லக்கா, சும்மா ஒரு சின்ன..."

"திறவும், பாப்பம்."

திறந்தேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பிறகு மேசையிலிருந்த அயர்னைப் பார்த்தார்.

"இந்த உலக்கையை ஆர் தந்தது?"

"அண்ணா."

"அதுதானே பாத்தன்."

"அக்கா, உங்களுக்கு இதெல்லாம் எப்படி..."

"நான் கொம்பனியிலை என்ன வேலை செய்யிறன் எண்டு நினைச்சீர்?"

யோசித்தேன். காலை ஆறரைக்கு விமலநாதன் அவரைக் காரில் கொண்டுபோய் விடுவார். மூன்றரைக்குத் திரும்ப அழைத்து வருவார். லாசாலிலேயே ஏதோ ஒரு தொழிற்சாலை. அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

"அண்ணா சொன்னாரு, ஏதோ சின்னச் சின்ன சாமான் பேக்கிங்னு..."

"பிளேனுக்குள்ளை வைக்கிற போர்ட். பதினொரு வருசமாய்ச் சோல்டர் பிடிக்கிறன். அவருக்கு முதல் வருசம் சொன்னனான். காது குடுக்கேல்லை. அதுக்குப் பேந்து நான் சொல்லேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் முகம் சுட்டது. இரண்டு வருடமாக அந்தப் பெண் கையால் எத்தனை தேநீர் குடித்திருப்பேன். ஒருநாள்கூட என்ன வேலை என்று கேட்கத் தோன்றவில்லை. என்னிடம் யாராவது வேலை பற்றிக் கேட்டால் மட்டும் கால் மணி நேரம் பேசியிருக்கிறேன்.

அவர் துணியை மெஷினில் போட்டுவிட்டு மேலே போனார். ஒரு ஷூ பெட்டியோடு திரும்பினார். அதற்குள் பேனா அளவில் ஒரு அயர்ன், இடுக்கி, பிளேடு, சிறு தூரிகை, கம்பிச் சுருள். சொந்தத்தில் வாங்கியவை. வீட்டு ரேடியோ, அயல்வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்கள் எல்லாவற்றையும் அவர்தான் சரிசெய்திருக்கிறார். அவை தானாகச் சரியாகிவிட்டன என்று விமலநாதன் நம்பிக்கொண்டிருந்தார்.

துவைக்கும் மெஷின் சுழலும்போது மேசை அதிரும் என்று அது முடியும்வரை காத்திருந்தார். துணிகளை உலர்த்தும் மெஷினில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். முதலில் நான் ஒட்டிய ஐந்து ஒயர்களையும் எடுத்தார். தாமிரப் புள்ளி பெயர்ந்த இடத்திலிருந்து போகும் மெல்லிய கோட்டை பிளேடால் சுரண்டி, உள்ளே பளபளத்த தாமிரத்தில் ஒரு துளி ஈயம் வைத்து, கம்பியை அங்கே ஒட்டினார். வெடித்தது அரிசி அளவு பியூஸ் என்று கண்டுபிடித்தார். தன் பெட்டியிலிருந்த பழைய போர்டு ஒன்றிலிருந்து அதைப்போல ஒன்றைக் கழற்றி வைத்தார். பிறகு பத்தொன்பது ஒயர்கள். ஒவ்வொன்றும் தொட்டு எடுக்கும் நேரம்தான். அவர் கை அசைந்ததாகவே தெரியவில்லை. அயர்ன் நுனியிலிருந்து ஒரு இழை புகை எழும்பும், அதற்குள் அடுத்த புள்ளிக்குப் போயிருப்பார்.

நான் ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியது.

"நான் பிடிச்சுக்கட்டுமாக்கா?"

"நீர் ஒண்டையும் தொடாதேயும்."

விமலநாதனின் சட்டைகள் உலர்வதற்குள் வேலை முடிந்தது. மின்சாரம் கொடுத்தார். பச்சை விளக்கு எரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் மிகை. மிச்சம் வந்த மூன்று திருகாணிகளையும் பவ்யமாக எடுத்து நீட்டினேன் என்பது உண்மை.

"தம்பி, நான் செய்தனான் எண்டு சொல்லவேண்டாம். வேலையிடத்திலை செய்யிறதே எனக்குக் காணும். நீர் செய்தனீர் எண்டும் சொல்லவேண்டாம்."

"அப்ப யாரு செஞ்சதுன்னுக்கா சொல்றது?"

"அது உம்மடை பாடு. இஞ்சினியர்தானே." உலர்ந்த துணிகளை மடித்துக் கூடையில் அடுக்கிக்கொண்டு மேலே போனார்.

நல்லவேளையாகத் தமிழில், செய்தவர் இல்லாமலே வேலை முடிவதற்கு வசதி இருக்கிறது. மாலையில் மெஷினை மேலே கொண்டுபோய்க் கொடுத்து, "ஆயிடுச்சுண்ணா" என்றேன். விமலநாதன் என் தோளில் தட்டினார். பின்னால் அக்கா சட்டைகளை அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார்.

விமலநாதன் தட்டைப் போட்டுப் பார்த்தாரா என்றால், இல்லை. சாட்சி இல்லாமல் அவர் எதையும் அனுபவிப்பதில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் உருத்திரமூர்த்தியைக் கூப்பிட்டிருந்தார். எனக்கும் அழைப்பு வந்தது. உருத்திரமூர்த்தி ஒரு கனத்த பையோடு வந்தார். பையில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. பழங்களாக இருக்கும் என்று நினைத்தேன்.

விமலநாதன் தட்டைப் போட்டார். சிவப்புத் திரை வரவில்லை. கிரிக்கெட் மைதானம் வந்தது. ஆனால் கறுப்பு வெள்ளையில் வந்தது. வந்ததும் நிற்கவில்லை; மைதானம் கீழிருந்து மேலாக உருண்டுகொண்டே இருந்தது. பந்து வீசுகிறவனின் தலை அடியிலும் கால் மேலேயும் இருந்தன.

"ரொறன்ரோவிலை செய்தால் கலரிலை வரும்" என்றார் உருத்திரமூர்த்தி.

விமலநாதன் என்னைப் பார்த்தார். நான் அடுப்படி வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தேன். அவர் தேநீர்க் கெட்டிலைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் இல்லாமல், மெதுவாகச் சொன்னார்: "ஒட்டினதெல்லாம் சரி. மிச்சத்தைப் பேப்பரிலை பாக்கவேணும்."

கீழே ஓடிப்போய் அந்த இரண்டு பக்கக் குறிப்பை எடுத்து வந்தேன். படிப்பதும் பொத்தான் அழுத்துவதும் எனக்குத் தெரிந்த வேலை. லண்டன் படமும் கனடா டிவியும் ஒத்துப்போகாது. மெஷினைத் தொடங்கும்போது இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் சிப் அதை மாற்றிக்கொள்ளும் என்று பதினேழாவது வரியில் எழுதியிருந்தது. அழுத்தினேன். மைதானம் பச்சையாகி, உருளாமல் நின்றது. அந்த முழு வேலையிலும் நான் செய்தது அது ஒன்றுதான். அதற்கு மட்டும் கைதட்டல் கிடைத்தது.

"நான் சொல்லேல்லையோ, மூர்த்தி?" என்றார் விமலநாதன்.

நான் எழுந்தேன். "அண்ணா, சிப் நான் வைக்கல."

"படிச்ச பிள்ளையள் இப்பிடித்தான்" என்று விமலநாதன் நண்பரிடம் சொன்னார். "பெருமை கதைக்காதுகள்."

"இல்லண்ணா, நிஜமாவே—"

"விடும் தம்பி, விடும். தன்னடக்கம் காணும்."

உண்மையைச் சொல்லியும் ஆயிற்று, பாராட்டும் கூடிவிட்டது. இப்படியே விட்டிருந்தால் எனக்கு வாழ்நாள் முழுவதும் வசதியாக இருந்திருக்கும். ஆனால் உருத்திரமூர்த்தி அந்தக் கனத்த பையைத் திறந்தார். உள்ளே அவருடைய ப்ளேஸ்டேஷன்.

"இது கொஞ்ச நாளாய்த் தொடங்குதில்லை" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "ரொறன்ரோவிலை செய்தவன் சரியாய்ச் செய்யேல்லைப் போலை. தம்பி ஒருக்காப் பாத்தால் நல்லது."

அந்த ஒரு வரிக்காக விமலநாதன் எத்தனை வருடம் காத்திருந்தாரோ. அவர் முகம் கும்பாபிஷேகத்தன்று இருந்ததைப்போல இருந்தது. சாப்பாட்டு மேசையைத் துடைத்துப் பத்திரிகை விரித்தார். அந்தத் தடி அயர்னைத் தானே கீழே போய் எடுத்து வந்து செருகினார். நாற்காலியை இழுத்துப்போட்டு என்னை உட்கார வைத்தார். இரண்டு பேரும் இரண்டு பக்கமும் கைகட்டி நின்றார்கள்.

மெஷினைத் திறந்தேன். உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அதை என்னால்கூடப் பார்க்க முடிந்தது. அயர்னைக் கையில் எடுத்தேன். நுனியைப் போர்டுக்கு மேலே கொண்டுபோனேன். இன்னும் ஒரு அங்குலம் இறக்கினால் இன்னொரு மெஷின் சாகும். இறக்காவிட்டால் நான். ஒருவேளை அதிர்ஷ்டவசமாக ஒட்டிவிடுமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதற்காகத்தான் பிறகு அதிகம் வெட்கப்பட்டேன்.

அயர்னைக் கீழே வைத்தேன்.

"அண்ணா, எனக்கு இது தெரியாது. படிச்சது எலக்ட்ரானிக்ஸ், செய்யறது எக்செல் ஷீட். உங்க மெஷின நேத்து நான் கொன்னுட்டேன். அக்காதான் உயிர் குடுத்தாங்க. மொத்த வயரும் அவங்க வெச்சது."

டிவியில் ஒரு ஆட்டக்காரன் மட்டையைத் தட்டிக்கொண்டு நின்றான். அக்கா தேநீர்த் தட்டோடு வந்தார்.

"சொல்லவேண்டாம் எண்டனான்."

"சொல்லலன்னா சார் மெஷினும் போயிருக்கும்க்கா."

"விமல்" என்றார் உருத்திரமூர்த்தி, மெதுவாக. "உம்மடை மனிசி சோல்டர் பிடிக்கிறவவோ?"

"அவ... அவ கொம்பனியிலை..." என்று விமலநாதன் தொடங்கினார். வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. பிஸ்கட் தொழிற்சாலையில் மணிக்கு எத்தனை பெட்டி இறங்கும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். பதினொரு வருடமாக மனைவியைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்ட கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல அவரிடம் ஒரு சொல்லும் இல்லை.

அக்கா தட்டை வைத்துவிட்டு உள்ளே போய் ஷூ பெட்டியை எடுத்து வந்தார். நான் எழுந்து இடம் விட்டேன். தடி அயர்னின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி ஓரமாக வைத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டார்.

"இஞ்சாருங்கோ, டோர்ச் லைட்டை எடுத்து வாங்கோ."

கோயில் நிர்வாக சபை உபதலைவர் டார்ச் லைட் கொண்டு வந்தார்.

"இதிலை அடியுங்கோ. இல்லை, இஞ்சாலை. கையை ஆட்டாதேங்கோ."

அவர் கையை ஆட்டவில்லை. மூச்சையும் அடக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அக்கா தொங்கிய ஒயரைத் தொட்டார். பிறகு வேறு நாலைந்து இடங்களைக் காட்டி, "இதுகளும் விடும். அவசரத்திலை செய்திருக்கிறான்" என்று அவற்றையும் மறுபடி ஒட்டினார். உருத்திரமூர்த்தி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். டொராண்டோ பற்றி அவர் அதன்பிறகு பேசவில்லை.

பாதி வேலையில் விமலநாதன் கேட்டார். "ஞானம், நீர் இவ்வளவு காலமும் இதையோ செய்யிறனீர்?"

"இல்லை. அது இதைவிடச் சின்னது. லைட்டைப் பாத்துப் பிடியுங்கோ."

மெஷின் ஓடியது. உருத்திரமூர்த்தி இரண்டு தேநீர் குடித்தார், அக்காவுக்கு நன்றி சொன்னார், மெஷினைக் குழந்தையைப்போலப் பையில் வைத்துக்கொண்டு ரொக்ஸ்பரோ போனார்.

இதற்குப் பிறகு விமலநாதன் வாயடைத்துப்போனார் என்று எழுத ஆசைதான். அவர் நிலை மறுநாள் காலையே சரியாகிவிட்டது. திங்கட்கிழமை மாலை முழுவதும் தொலைபேசியில் இருந்தார். என் பெயர் இருந்த இடத்தில் 'என்ரை மனிசி' வந்தது. மற்றபடி பேச்சு அதேதான். வெள்ளிக்கிழமைக்குள் முன்வாசலில், ஷூக்களுக்குப் பக்கத்தில், நாலு ப்ளேஸ்டேஷன்கள் வரிசையாக இருந்தன. பழைய மாணவர் சங்கத்துக் கிருபானந்தனுடையது, அவர் தம்பியுடையது, கோயில் பொருளாளருடையது, இன்னொன்று யாருடையது என்று விமலநாதனுக்கே நினைவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு அக்கா வேலை முடிந்து கணவரோடு காரில் வந்து இறங்கினார். நான் அன்று அரைநாள் லீவில் வந்து வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மெஷின்களைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"ஆர் வாங்கி வைச்சது?"

"நான்தான். எல்லாரும் கேக்கினம். உமக்கு இது ஒரு சின்ன வேலைதானே."

"அப்ப நீங்களே செய்யுங்கோ. பெரிய அயர்ன் இருக்குதானே."

நாலையும் தாண்டி உள்ளே போய்விட்டார். அந்தச் சனிக்கிழமை அவர் கூட வேலை செய்யும் கத்தரினோடு ஜான்-டலோன் சந்தைக்குப் போனார். விமலநாதன் கொட்டும் பனியில் நாலு மெஷின்களையும் காரில் ஏற்றிக்கொண்டு, நாலு வீட்டுக்கும் போய்த் திருப்பிக் கொடுத்தார். என்னையும் கூட்டிப்போனார், நாலாவது வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு. ஒவ்வொரு வாசலிலும் அவர் சொன்னதை நான் காரில் இருந்தபடி கேட்டேன். முதல் வீட்டில், "அவவுக்கு இப்ப நேரமில்லை" என்றார். இரண்டாவது வீட்டில், "அவவுக்கு விருப்பமில்லைப் போலை" என்றார். மூன்றாவது வீட்டிலும் நாலாவது வீட்டிலும், "அவவைக் கேக்காமல் வாங்கிப்போட்டன். என்ரை பிழை" என்றார்.

என்னை அவர் இப்போதும் இஞ்சினியர் என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். ஆனால் வீட்டில் எதுவும் பழுதானால் கூப்பிடுவதில்லை. இதில் எனக்கு ஆறுதல்தான் இருக்கவேண்டும். ஏனோ முதல் மாதம் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

மார்ச் மாதம் ஒரு மாலை, கீழே வெந்நீர் வரவில்லை என்று சொல்ல மேலே போனேன். இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அக்கா ஏதோ வரைந்துகொண்டிருந்தார். அன்று தொழிற்சாலையில் ஒரு போர்டு பரிசோதனையில் தேறாமல் திரும்பி வந்ததாம், அது ஏன் என்று விளக்கிக்கொண்டிருந்தார். விமலநாதன் இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நானும் நின்று கேட்டேன். எனக்கும் பாதிக்கு மேல் புரியவில்லை.

"ஞானம், அப்ப அந்தச் சிப்பின்ரை காலுக்கு ஏன் ஈயம் கூடுதலாய் விடக்கூடாது?" என்று அவர் கேட்டார்.

அக்கா பேனாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். கேலி செய்கிறாரா என்று பார்த்திருக்கவேண்டும். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்து, முன்பு வரைந்ததற்குப் பக்கத்தில் கொஞ்சம் பெரிதாக மறுபடி வரைய ஆரம்பித்தார்.

"அண்ணா, வெந்நீர்..." என்றேன்.

"பேந்து பாப்பம், தம்பி" என்றார் விமலநாதன், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெந்நீர் மறுநாள்தான் வந்தது.